சுத்த சைவம்

"என்ன வேலைன்னு கேட்டா குஷன் கம்பனின்னு சொல்லு. கோழியை மட்டும் இழுத்துறாத, புள்ள!"

குசினிக்குள் வந்து, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிரேமிளாவிடம் கெஞ்சினார் அப்பா கணேஸ்.

கெஞ்சாமல் என்ன செய்வார்? பிரேமிளாவுக்கு வந்த முந்தைய சம்பந்தங்கள் எல்லாம் கோழி இறகால்தான் கலைந்து போயின.

குண்டசாலையில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை. கோழிக்கடைகள் கழிக்கும் இறகை மூட்டையாக வாங்கிக் கழுவி, காயவைத்து, மாவாக அரைத்து ஃபோம் கலவையில் சேர்ப்பாள். பெட்டிக்குள் கேக் மாதிரிப் பொங்கி எழுவதை வெட்டி உறை தைத்தால் குஷன். கண்டிக் கடைகளில் நன்றாகவே விற்றது. உள்ளே என்ன என்று கேட்டால் கடைக்காரர் சொல்வார்.

யாரும் கேட்பதில்லை.

வெளியே அம்பிட்டிய ஊரெங்கும் மழை. உள்ளே சோபாவில் மாப்பிள்ளை கஜேந்திரன். பக்கத்தில் அவன் தாய் ஞானேஸ்வரி, முதுகுவலிக்காக வீட்டிலிருந்தே கொண்டுவந்த சாய்வணையில் சாய்ந்திருந்தாள். டவுனில் புடைவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். பரம்பரையாகச் சுத்த சைவம். பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று வடையும் கேசரியும் தொடாமல் கிடந்தன.

"புள்ள என்ன செய்யுது?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

அப்பா முந்திக்கொண்டார். "குஷன் கம்பனிங்க. சொந்தமாவே நடத்துது."

தேத்தண்ணீர்த் தட்டை நீட்டக் குனிந்த பிரேமிளா, ஞானேஸ்வரியின் தோளுக்குப் பின்னால் பார்வை பட, ஒரு கணம் அப்படியே நின்றாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"கோழி இறகை அரைச்சுப் போட்டுத்தான் குஷன் செய்யிறேங்க. கல்யாணத்துக்குப் பொறகும் செய்வேன்."

ஞானேஸ்வரி துள்ளி எழுந்த வேகத்தில் முதுகுவலி எங்கே போனதோ!

"அதானே பார்த்தேன், வந்ததுலயிருந்து ஒரு கவிச்சி வாடை! எழும்புடா தம்பி!"

"ஐயோ, இந்த சோபா கடையில வாங்கினதுங்கம்மா!" என்று அப்பா பதறினார்.

"கோழி மேல படுத்து எழும்புற வீட்டுல எங்களுக்கு என்ன வேலை?"

கஜேந்திரன் பிரேமிளாவைப் பார்த்தான். தாயின் பின்னால் போய்விட்டான்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க ஏலாதா, புள்ள?"

பிரேமிளா ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். "ஆறிப் போகுதுப்பா. சாப்பிடுங்க."

வெளியே புறப்பட்ட முச்சக்கரவண்டி நின்றது. குடைகூட இல்லாமல் மழையில் ஓடிவந்தாள் ஞானேஸ்வரி. வாசற்படியைத் தாண்டவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"என்னோட குஷனை விட்டுட்டுப் போயிட்டேன்."

பிரேமிளா சோபாவிலிருந்து அந்த அணையை எடுத்தாள். தட்டி, உப்பவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"முதுகுக்குச் சுகமா இருக்குதாம்மா?"

"இது இல்லாட்டி எனக்கு ஒரு இடத்துல உட்கார ஏலாது. பூசைக்கு உட்காரும்போதும் இதுதான்."

"சந்தோசம்மா."

குஷனின் ஓரத்தைத் திருப்பி அவள் கண்ணெதிரே பிடித்தாள்.

"தையல் பிரிஞ்சா கொண்டு வாங்க. இந்தப் பச்சை நூல்ல தைக்கிறது எங்க பட்டறை மட்டும்தான்."

நீட்டிய கைகளைப் படக்கென்று இழுத்துக்கொண்டாள் ஞானேஸ்வரி. பச்சை நூலைப் பார்த்தாள். பிரேமிளாவைப் பார்த்தாள்.

பிரேமிளா கையை மடக்கவில்லை.

மழை வலுத்தது.

ஞானேஸ்வரி குஷனை வாங்கினாள். அது நனையாதபடி முந்தானையால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.