ஒன்றரை மணி மெசேஜ்

ஹுமைராவின் போன் 'டிங்' என்றது. நௌஷாத்திடமிருந்து மெசேஜ்.

'புள்ள, சாப்பிட்டியா? இன்னைக்கு என்ன ஆணம்?'

பெண்டாட்டியிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கெண்டை மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, வாய் நிறையச் சோற்றோடு இருந்தான். அவன் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது.

ஹுமைரா போனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"மச்சான், இதை யாரு அனுப்புனது?"

நௌஷாத்துக்குப் புரையேறியது. அவளே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை விட்டாள். அதற்கு மேல் விடுவதாக இல்லை.

"அது... ஷெல் ஸ்கிரிப்ட். குவைத் ரூம்ல இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்கேன். தினம் நம்மூர் மணி ஒன்றரைக்கு அதுவே அனுப்பிடும்."

"தினமுமா?"

"வெள்ளிக்கிழமை அனுப்பாது. அன்னைக்கு லீவு, நானே கூப்பிடுவேன்ல."

"வேற வேற மாதிரி கேப்பீங்களே? ஒருநாள் என்ன ஆணம்பீங்க, ஒருநாள் என்னை நினைச்சுக்கிட்டு ஒரு வாய் சேர்த்து சாப்பிடும்பீங்க..."

"எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருக்கேன். குலுக்கிப் போட்டு ஒண்ணை எடுத்துக்கும்."

"நீங்க லீவுல வந்து இவ்வளவு நாளா வரலையே, இன்னைக்கு ஏன் வந்துச்சு?"

"நேத்தோட லீவு முடியுதுன்னு தேதி போட்டு நிறுத்தி வெச்சிருந்தேன். பிளைட்டு ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப்போச்சுல்ல, அதை மாத்த மறந்துட்டேன்."

ஹுமைராவும் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் படித்தவள்தான். அதனால் விளங்க வேண்டியது உடனே விளங்கிவிட்டது. பழையது ஒன்று ஞாபகத்துக்கும் வந்தது.

"போன வருஷம் முதல் நோன்பன்னைக்கு, நடு மத்தியானத்துல சாப்பிட்டியான்னு கேட்டீங்களே!"

"நோன்புக்கும் நிறுத்த மறந்துட்டேன்."

"பாவம், வேலைக் கஷ்டத்துல மனுஷனுக்கு நோன்பே மறந்துபோச்சேன்னு நான் அன்னைக்கு அழுதேன் மச்சான்."

நௌஷாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் வேலை செய்யுற செர்வர் ரூமுக்குள்ள போன் எடுத்துட்டுப் போகக்கூடாது புள்ள. வெளியில வர்றப்போ இங்க சாயங்காலம் ஆயிடும். ஆனா நீ போடுற பதிலை எல்லாம் நான்தான் படிப்பேன். ஒண்ணு விடாம."

"கேட்டது மிஷின்தானே?"

நௌஷாத் விளக்கப் பார்த்தான்.

"அந்த ஸ்கிரிப்டு மொத்தமே அஞ்சு வரிதான். அதுக்குக் கீழ இன்னும் மூணு வரி..."

"போதும்."

பரிமாறிய சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு ஹுமைரா எழுந்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். சோற்றைப் போட்டு, பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். 'டிங்' என்று கேட்டால்தான் முதல் வாய். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன்னை நினைத்துக் கேட்கிறான் என்ற நினைப்பில்தான் சோறு இறங்கும். அந்த நினைப்பையே குலுக்கிப் போட்டு எடுத்தார்களாம்!

ஞாயிற்றுக்கிழமை அவன் போய்விடுவான். மிச்சமிருக்கும் நாளையும் சண்டையில் கழிக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அரைமணி நேரம் போயிருக்கும். வாசலில் செருப்புச் சத்தம்.

அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஷமீரா, கையில் தூக்குச் சட்டியோடு வந்து நின்றாள்.

'வந்துட்டா' என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்தாள் ஹுமைரா. ஷமீரா எப்போதும் இப்படித்தான். ஹுமைரா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் சரி, மனசு சரியில்லாமல் அடுப்பே மூட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, மூக்கில் வேர்த்த மாதிரி வந்துவிடுவாள். அண்ணன் ஊரில் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்பது ஹுமைராவின் முடிவான அபிப்பிராயம்.

"தேங்காச்சோறு ஆக்குனேன் அண்ணி. சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்ற ஷமீரா, அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேருக்கும் சண்டையாண்ணே? வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துக்கிட்டு எனக்கு எதுக்கு வழக்கம்போல மெசேஜு? நீயே ஊட்டி விடவேண்டியதுதானே!"

"என்ன மெசேஜு?" என்றாள் ஹுமைரா.

ஷமீரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹுமைரா கையை நீட்டியபடியே நின்றாள். வேறு வழியில்லாமல் ஷமீரா போனைக் கொடுத்தாள்.

'ஹுமைரா இன்னும் பதில் போடலை. சாப்பிட்டிருக்க மாட்டா. ஏதாவது எடுத்துக்கிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட வை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.'

விரலால் மேலே தள்ளினாள். அதே மெசேஜ். காய்ச்சலில் கிடந்த அன்றும் அதே மெசேஜ். அடுப்பு மூட்டாத அன்றும் அதே மெசேஜ்.

"கீழ இருக்கிற மூணு வரி இதுதான் புள்ள" என்றான் நௌஷாத் மெதுவாக. "நீ பதில் போடலைன்னா, அரைமணி நேரம் பார்த்துட்டு இவளுக்குப் போயிடும். அந்த நேரத்துல நான் உள்ள மாட்டிக்கிட்டு இருப்பேன். உன்னை வேற யாரு பார்ப்பா?"

ஹுமைரா ஷமீராவின் கையிலிருந்து தூக்குச் சட்டியை வாங்கி வைத்தாள். அவளுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்துப் போட்டாள். பிறகு தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள்.

உள்ளறையில் நௌஷாத்தின் போன் 'டிங்' என்றது. போய் எடுத்துப் பார்த்தான்.

'சாப்பிடப் போறேன். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அதை நிறுத்திடாதீங்க.'