மூன்றாவது இலை

“கருவாடு வேணாம் தாட்சாயணி. வாசனை முன்கட்டுக்குப் போச்சுன்னா மாமி இன்னைக்கே வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க” என்றான் கோவர்த்தனன்.

“அவுரு ஆசையாத் துன்னது இது ஒண்ணுதான். இது இல்லாம எப்படிப் படைக்கிறது?”

ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு வேலை மாற்றலாகி, பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கு வந்து இந்தப் பின்கட்டில் குடியேறிய தம்பதி அவர்கள். கவிச்சி சமைக்கக் கூடாது என்று வீட்டுக்கார மாமி குமுதவல்லி முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனால் இறந்தவர்களுக்கு மாட்டுப் பொங்கலன்று படைக்காமல் இருக்க முடியுமா?

மூன்று இலை போட்டுப் பரிமாறினார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வெளியே வந்து கதவைச் சாத்தும்போது, மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு மாமி வந்து நின்றாள்.

“என்னடி நாத்தம் இது? உள்ள யாருக்குப் போட்டிருக்கே?”

“மாமனார், மாமியாருக்கு மாமி.”

“மூணு இலை இருக்கே?”

தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க புள்ள தோதாத்ரிக்கு. உங்களுக்குத் தெரியாம இங்க வந்துதான் துன்னுவாரு. மன்னிச்சுக்குங்க மாமி.”

தோதாத்ரி மாமிக்கு ஒரே பிள்ளை. போன ஆவணியில் காய்ச்சலில் போய்விட்டான்.

மாமியின் தலைப்பு மூக்கிலிருந்து நழுவியது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வழக்கம்போல் கோவர்த்தனன் கதவைத் திறக்கப் போனான்.

“இருப்பா, திறக்காதே” என்றாள் மாமி. “அவன் நிதானமாத்தான் சாப்பிடுவான்.”