வரைபடத்தின் இடது ஓரம்

"இந்தப் பக்கம் மவுண்ட்டைக் கொஞ்சம் அகலமா வையும்மா. இந்தப் பெட்டியெல்லாம் வெளிய தெரிய வேணாம்," என்றார் அஹமது கபீர் ஹாஜியார்.

சாதியா மேசைமேல் கிடந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். இருபது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறாள். படத்தைக் காட்டத்தான் அதைச் சுற்றி மவுண்ட் அட்டை வைப்பார்கள். மறைக்க வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

சிங்கப்பூரின் பழைய தேக்கா வட்டாரம். மை தொட்டுக் கையால் வரைந்தது. அதில் சிராங்கூன் ரோடு இன்னும் மாட்டுவண்டிப் பாதைதான். சுண்ணாம்புச் சூளை, மாட்டுப்பட்டி, கிணறு, வெற்றிலைத் தோட்டம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரோ ஒரு பொறுமைசாலி பொடி எழுத்தில் பெயர் எழுதியிருந்தார்.

இடது ஓரத்தில் மட்டும் பெயர் இல்லை. அங்கே சின்னச் சின்ன நீளப் பெட்டிகள், நாற்பதுக்குக் குறையாது.

"என்ன மாமா அது?"

"மாட்டுக் கொட்டகை லா. அந்தக் காலத்துல இங்க ஃபுல்லா மாடுதானே."

ஹாஜியாரிடம் எதிர்க்கேள்வி கேட்கும் நிலையில் அவள் இல்லை. கடை அவருடையது. அவளுடைய வாடகை ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. பக்கத்துக் கடைகள் நான்கையும் காலி செய்ய வைத்துவிட்டார். சாதியாவின் ஒப்பந்தத் தாள் மட்டும் அவர் சட்டைப்பையில் கையெழுத்தில்லாமல் மடிந்து கிடந்தது.

தெருக்கோடியில் அவர் ஹோட்டல் கட்டுகிறார். திங்கட்கிழமை அடித்தளம் தோண்டப் போகிறார்கள். அவருடைய பங்குதாரர் இந்த வரைபடத்தை ஹாஜியார் வீட்டில் பார்த்துவிட்டு, வரவேற்பறையில் மாட்டியே ஆக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

அளவெடுப்பதற்காக அவள் வரைபடத்தை மேசைமேலேயே சுற்றித் திருப்பி வைத்தாள். மையில் வரைந்திருந்த தெரு, வாசலில் ஓடும் தெருவுக்கு நேராக வந்து நின்றது. ஹோட்டல் கட்டும் மனை எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. பெட்டிகள் அத்தனையும் அந்த மனைக்குள் இருந்தன.

அவள் கண் தற்செயலாகக் கடையின் மூலைக்குப் போனது. மதியம் லுஹர் தொழுத பாய் விரித்தபடியே கிடந்தது. நீளமான கடைக்குள் அந்தப் பாய் எப்போதும் கோணலாகத்தான் கிடக்கும். சுவர் ஒரு பக்கம் பார்த்தால், தொழும் திசையான கிப்லா இன்னொரு பக்கம்.

வரைபடத்துப் பெட்டிகள் எல்லாம் அந்தப் பாய்க்குக் குறுக்காக இருந்தன. தெரு வளைந்த இடத்தில்கூட ஒன்றும் வளையவில்லை.

மாட்டைத் தெருவைப் பார்த்துக் கட்டுவார்கள், சுவரைப் பார்த்துக் கட்டுவார்கள். கிப்லா பார்த்து யாரும் கட்டுவதில்லை. தலை வடக்கே வைத்து, முகத்தை மேற்கே திருப்பி, வலப்பக்கமாகக் கிடத்துவது மையத்தை, இறந்தவர் உடலை மட்டும்தான்.

சாதியா பாயிலிருந்து கண்ணை எடுத்து ஹாஜியாரைப் பார்த்தாள்.

"மாமா, இது மையவாடி. எல்லாம் அடக்கம் பண்ணின கபுரு."

ஹாஜியார் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பதறவில்லை, மறுக்கவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து, மேசைமேல் வைத்து, மடிப்பை விரலால் நீவினார்.

"அட்டையை வெட்டும்மா. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

எவ்வளவு தைரியம் இந்த மனுஷனுக்கு! ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்கிறவர். திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும்போது அதே கிப்லாவைப் பார்த்து நின்று என்ன ஓதுவார்?

அவளுக்கு, இந்தக் கடையைத் திறந்த, அவளைப் பெற்ற அத்தாவின் நினைவு வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார் என்பதற்காகக் புதுப் படத்தைப் பழைய படம் என்று சொல்ல மறுத்தவர். இன்றைக்கு அவர் இருந்திருந்தால், வரைபடத்தை ஹாஜியார் கையிலேயே கொடுத்து, ஸலாம் சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டிருப்பார். கடை போனால் போகட்டும் என்றிருப்பார்.

அவளும் அதைத்தான் செய்யப் போனாள். இரண்டு கையாலும் வரைபடத்தைத் தூக்கினாள்.

வெளிச்சம் விழுந்ததும் தாளில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. பெட்டிகளுக்குச் சற்றே வலப்பக்கம், மேலிருந்து கீழ்வரை நேராக ஓடியது. மலிவான மவுண்ட் அட்டை வருடக்கணக்காகத் தாளில் அழுந்திக் கிடந்தால் அதன் விளிம்பு இப்படித்தான் பழுப்பேறிப் பதியும்.

இதற்கு முன்பே ஒருவர் இந்த இடத்தை மறைத்திருக்கிறார்.

அவள் வரைபடத்தைப் புரட்டினாள். பழைய சட்டத்தின் பின்னட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மூலையில் பென்சிலால் அளவு எழுதியிருந்தது. இடது ஓரம், மூன்றரை அங்குலம். மற்ற மூன்று பக்கமும் இரண்டு.

எழுத்து அத்தாவுடையது.

கீழே தேதி இருந்தது. இந்தக் கடை திறந்த நாள் அவளுக்கு மனப்பாடம். அட்டையிலிருந்த தேதி அதற்கு ஆறு நாள் முந்தையது. அதுவரை அத்தா இன்னொருவர் கடையில் கூலிக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். ஹாஜியாரைப் பெற்ற வாப்பா எதைப் பார்த்து அவருக்குக் கடை கொடுத்தார் என்று வீட்டில் யாருமே கேட்டதில்லை.

"எங்க வாப்பா சொன்னதும் வெட்டிக் குடுத்தாரு," என்றார் ஹாஜியார். "உங்க அத்தா ஒரு வார்த்தை கேக்கலம்மா."

ஈசூனில் வாங்கிய வீடு, தம்பி ஷாஹித்தின் படிப்பு, அவளுடைய கல்யாணம், எல்லாமே இந்தக் கடையில் வந்ததுதான். அவள் சாப்பிட்ட முதல் பிடிச் சோறும்.

பென்சில் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வரைபடத்தை மேசையில் கிடத்தினாள்.

புது அட்டையை எடுத்து, ஸ்கேலை வைத்து, அழுத்தி வெட்டினாள். அட்டையின் விளிம்பு பழுப்புக் கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

சட்டத்தைப் பூட்டியதும் பின்பக்கம் திருப்பி, மூலையில் பென்சிலால் அளவை எழுதினாள். அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டாள்.