கதவில் எழுதும் பெயர்

‘2058 ஆகஸ்ட் 9. நேற்று ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன். அம்மா யாரையும் கேட்காமல் வாக்களித்தாள் என்பது சரியில்லை. என்னைக் கேட்டாள்.’

மாலைக் கல்லூரியிலிருந்து வந்ததும் ரெஜினா இதை எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

கடல் ஏறிவருவதால் கடலோர ஊர்களைக் கைவிடலாம் என்று நாடு வாக்கெடுப்பில் மயிரிழையில் முடிவு செய்திருந்தது. ‘ஆம்’ என்று ஒரு வாக்காவது விழுந்த வீடு, அந்தப் பழியை ஏற்க வீட்டிலுள்ள ஒருவரின் பெயரைத் தர வேண்டும். அது ஏழு வருடம் வாசற்கதவில் எழுதப்பட்டிருக்கும். அவளுடைய அக்கா பிரகாசி வாழ்க்கைப்பட்டது கடலோரத்தில். நாளை வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கேதான் வருகிறாள்.

“என் பேரையே குடு. குத்துனது நான்தான?” என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

“ரெண்டு பக்க நியாயத்தையும் சொல்லித்தானம்மா விட்டேன்.”

“சொன்ன. கைவிடலாங்கற பக்கத்த அவ்வளவு அழகாச் சொன்ன. உம் மனசும் அதான்னு நெனச்சுட்டேன் புள்ள.”

தன் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், எதிர்ப்பக்கத்தைக் கூடுதலாகவே விளக்கியது ரெஜினாவுக்கு நினைவு வந்தது.

“அக்கா வந்து உம் பேரப் பாத்தா?”

“உம் பேரப் பாத்தா மட்டும் சிரிப்பாளாக்கும்?”

“எங்கூடப் பேசாட்டிப் போறா. அவளுக்கு அம்மா வேணும்மா.”

அம்மா, உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா பேனாவை எடுத்தாள்.

‘நாளை: காலையில் வார்டு அலுவலகத்தில் என் பெயரைக் கொடுக்க வேண்டும். பிறகு பேருந்து நிலையம் போய், அக்காவின் சாமான்களை இறக்க வேண்டும்.’