பத்துக் கிலோவுக்கு மேல்

"கூடைக்கு அடியிலருந்து கைய எடுங்க கணக்கப்புள்ள!" ஜீவராணி கத்தினாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவைக்கு நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கணக்கப்பிள்ளை பத்திநாதன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். தராசில் எண் அசையவில்லை. பதின்மூன்று கிலோ எண்ணூறு.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலம்மா. மெசின் காட்டுறதத்தான் எழுதுறேன்."

அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் ஜீவராணியை யாரும் முந்தியதில்லை. டிஜிட்டல் தராசு வந்த இந்த எட்டு மாதமாகத்தான் எல்லாம் மாறிப்போனது. கூடை முதுகை அழுத்தும். நிறை மட்டும் காணாது. அரைப்பேர் விழுந்து பாதிநாள் சம்பளத்தோடு வீட்டுக்குப் போவாள்.

முதலில் அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். பக்கத்து நிரையில் பறிக்கும் அழகம்மாவிடம் சொல்லி அழுதாள்.

"நமக்கும் வயசாகுதுல்ல புள்ள. கை தளந்து போச்சு," என்று அழகம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். தனக்கும் இடுப்புவலி என்பாள். முழுக் கூடையைத் தூக்க முடியாமல் பாதி பாதியாகத்தான் நிறுக்கக் கொண்டுவருவாள். ஆனாலும் போன மாதம் அதிகக் கொழுந்து பறித்த முதல் ஆளுக்கான பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. சத்தமாகக் கைதட்டியது ஜீவராணி.

அப்புறம்தான் அவள் சந்தேகம் பத்திநாதன் மேல் திரும்பியது. தோட்டத்தை நடத்தும் துரையிடமே போய் முறையிட்டாள். இன்று ஹட்டனிலிருந்து தராசு பழுதுபார்க்கும் கிஷாந்த் இரும்பு எடைக்கற்களோடு வந்துவிட்டான்.

ஐந்து கிலோ வைத்தான். ஐந்து காட்டியது. பத்துக்குப் பத்து. பதினைந்து வைத்தான், பதின்மூன்றரை. இருபது வைத்தபோது பதினாறைத் தாண்டவில்லை.

"உள்ள இருக்குற சென்சர் பழுது," என்றான். "பாரம் ஏறுற அளவுக்கு எண்ணும் ஏறணும். இது பத்துக் கிலோ வரைக்கும் ஒழுங்கா ஏறுது. அதுக்கு மேல போகப் போகக் கொறச்சுக் காட்டுது. கூடை நெறைய எடுத்தவங்களுக்குத்தான் நட்டம்."

ஜீவராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மன்னிச்சுக்குங்க ஐயா," என்று பத்திநாதனைக் கும்பிட்டாள். பிறகு பின்னால் நிறுவைக்கு நின்ற அழகம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா அழகம்மா? என் கை தளரல!"

அழகம்மா குனிந்து தன் பாதிக் கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

தராசின் மூடியைக் கழற்றிக்கொண்டே கிஷாந்த் கேட்டான். "இத்தன மாசத்துல யாருமே கூடையப் பாதி பாதியாப் பிரிச்சு நிறுத்துப் பாக்கலியா? ஒரே நாள்ல தெரிஞ்சிருக்குமே."

ஒவ்வொரு தலையாக அழகம்மாவின் பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பியவள் ஜீவராணி.

"ஒனக்கு இது தெரியுமா?"

"மொத மாசமே தெரியும்."

பிடித்திருந்த கையை ஜீவராணி மெல்ல விட்டாள். "கை தளந்து போச்சுன்னு சொன்னியேடி. நான் அழுதப்பக்கூடச் சொல்லத் தோணலியா?"

அழகம்மா முதல்முறையாக நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள்.

"ஒன்பது வருசமா ரெண்டாவது ஆளாவே நின்னேன் புள்ள."