சொக்கம்மாள் வீட்டுத் தண்ணீர்

ஞானசெல்வி செம்பை வாங்கினார். இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் உயர்த்தினார். ஒரு சொட்டும் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மறக்காம ஓட்டுப் போடுங்கம்மா."

எர்ணாவூர் குடியிருப்புக்குள் நுழைந்ததிலிருந்து எல்லா வாசலிலும் இதேதான் நடந்தது.

வட்டச் செயலாளர் கோதண்டம் பின்னாலேயே வந்து கெஞ்சினார்.

"ஒரே ஒரு மொடக்கு குடிச்சிடுங்கம்மா. ஓட்டு கேக்க வர்றவங்களுக்குத் தண்ணி குடுத்துப் பாக்குறது இங்க வழக்கம். போன தடவை ஜெயிச்சவரு வூட்டுக்கு வூடு குடிச்சாரு. பேப்பர்ல போட்டோவே வந்துச்சு."

"வேண்டாம் அண்ணே."

"ஏம்மா?"

ஞானசெல்வி சுற்றிலும் பார்த்தார். கொடி பிடித்தவர்கள், மேளம் அடிப்பவர்கள், போட்டோக்காரர், அத்தனை பேரும் ஆண்கள். மகளிர் அணியை ராயபுரம் பொதுக்கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளை நிரப்ப அனுப்பியிருந்தார்கள்.

"அப்புறம் சொல்றேன்" என்றார்.

சட்டமன்றத் தேர்தலில் கட்சி அந்தத் தொகுதியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஞானசெல்வி காலடிப்பேட்டை மளிகைக் கடை ராசையாவின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த குடும்பம். இவர் தோற்றால் இனி எந்தப் பெண்ணுக்கும் இங்கே சீட்டு கிடையாது என்று மேலிடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆண்கள் தோற்றபோது அப்படி யாரும் சொன்னதில்லை.

காலையில் முகத்துவாரக்குப்பத்தில் கிளம்பிய பிரசார வேன் வழியில் அங்கங்கே கம்பெனி மதில் ஓரமாக நின்றது. ஆண்கள் இறங்கிப் போய்விட்டு வந்தார்கள். ஞானசெல்வியும், "அண்ணே, தெரிஞ்ச வீடு ஏதாவது இருந்தா அஞ்சு நிமிஷம் நிறுத்துங்களேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"ரெஸ்ட்டெல்லாம் மத்தியானம்தாம்மா" என்று சொல்லிவிட்டார் கோதண்டம்.

இப்போது வெயில் உச்சியில் இருந்தது. ஞானசெல்வியின் உதடு வெடித்துத் தொண்டையும் கட்டிவிட்டது. அடுத்த வாசல், அடுத்த வாசல் என்று அவரை நகர்த்திக்கொண்டே போனார்கள். பேச்சு அவருக்கு முன்னால் ஓடியது.

"நம்ம வூட்டுத் தண்ணி அவுங்களுக்கு ஆவாதாம்."

"அவுங்க கடையில நம்ம காச வாங்குறப்போ மட்டும் கை கூசலியே."

"நாக்கு வறண்டு கெடக்குது, அப்பவும் எறங்கல பாரு. அம்மாம் சுத்தம்."

வேன் நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இதுக்குத்தான் பொம்பளைக்கு சீட்டு வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். ஜனங்களோட பழகத் தெரியல."

கடைசி பிளாக்கில் சொக்கம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். குடியிருப்பில் பாதிப் பெண்களை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவர் கை காட்டும் பக்கம்தான் அவர்கள் ஓட்டு விழும்.

அவர் கையில் செம்பு. தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"இன்னாம்மா, வூட்டுக்கு வூடு சொம்பைக் கும்பிட்டுகினு வர்றியாமே. அது இன்னா சாமியா? குடி."

செம்பை ஞானசெல்வியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குடிச்சா எங்க ஓட்டு ஒனுக்கு. இல்லாங்காட்டி வேனைத் திருப்பிக்கினு போய்க்கினே இரு."

"குடிச்சிடுங்கம்மா." கோதண்டத்தின் குரல் உடைந்துவிட்டது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

ஞானசெல்வி செம்பைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பிறகு சொக்கம்மாளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

சொக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வேனைப் பார்த்தார். கொடியோடு நின்ற ஆண்களைப் பார்த்தார். செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, ஞானசெல்வியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"போச்சு" என்றார் கோதண்டம்.

"உள்ள வெச்சு நாலு சாத்து சாத்துதோ இன்னாவோ" என்றது ஒரு குரல். "அந்தம்மா கோவம் வந்தா பேஜாரு."

கதவு திறந்தது. ஞானசெல்வி வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. படியில் இருந்த செம்பைத் தானே எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்தே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமாக்கா?"

கேமரா பளிச்சிட்டது. கோதண்டம் மைக்கைப் பிடுங்கினார். "தாய்க்குலமே, பாருங்கள், எங்கள் வேட்பாளர் ஏற்றத்தாழ்வு பார்க்காதவர்" என்று அவர் முழங்க, வேன் புறப்பட்டது.

அடுத்த வீட்டு முத்தம்மா ஓடி வந்தார். "இன்னாக்கா, உள்ள வெச்சு மெரட்டிக் குடிக்க வெச்சிட்டியா?"

சொக்கம்மாள் காலிச் செம்பைக் கையில் எடுத்தார்.

"ஏன் முத்தம்மா, கம்பெனிக்குப் போற அன்னிக்கி நாம தண்ணி குடிக்கிறமா?"

"எங்க குடிக்கிறது? குடிச்சிட்டுப் பொழுது சாயுற வரைக்கும் அடக்கிக்கினு ஒக்கார முடியுமா? அங்கதான் பொம்பளைங்க ஒதுங்க ஒரு எடம் இல்லியே."

தெருமுனையில் மைக் இன்னும் தாய்க்குலத்தை வாழ்த்திக்கொண்டிருந்தது. சொக்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வேன்ல மட்டும் வெச்சுகீறானுங்களா?"