படுதாவையே பார்த்த நண்டு

கழுதை தொலைக்காட்சியில் நடத்திவந்த கால்பந்துச் சிரிப்பரங்கத்துக்குக் கோல்கீப்பர் நண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிற ஆட்டக்காரரின் சொதப்பலை வைத்தே ஊரைச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சி அது. பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது. நண்டுக்கு உள்ளூர உதறல். மேடைச் சுவரில் ஒரு பெரிய படுதா வேறு தொங்கியது. படம் காட்டும் திரை அதற்குப் பின்னால்தான் இருக்கும் என்று நண்டு கணக்குப் போட்டது.

கழுதை டீ கொடுத்தது, பிள்ளைகளை விசாரித்தது. இவ்வளவு மரியாதை எதற்கு? நண்டு ஒரு கண்ணைக் கழுதைமேலும் இன்னொரு கண்ணைப் படுதாமேலும் வைத்திருந்தது.

"சர்க்கரை போதுமாண்ணே?" என்றது கழுதை.

"சும்மா நடிக்காதீங்க! அந்த மழை மேட்ச் படம்தானே உள்ளே இருக்கு? ஆமா, பந்தைக் காத்து தள்ளலை. பிடிச்ச பந்தோட நான்தான் பக்கவாட்டுல நடந்து கோலுக்குள்ள போனேன். மழையில யாரும் பாக்கலைன்னு காத்துமேல பழியைப் போட்டேன். போதுமா?"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நண்டு பாய்ந்துபோய்ப் படுதாவை இழுத்தது. பின்னால் வெறும் சுவர்.

கழுதை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "பன்னிரண்டு வருஷமா நாங்க டீ மட்டும்தாண்ணே கொடுக்கிறோம்."